வெறும் பாட்டில்தான் வேணும்

எங்கள் தெருவில் எந்த வீட்டு அடுக்களை அலமாரியைத் திறந்தாலும் உள்ளே ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கும். வாய் அகன்ற பாட்டில். மூடியில் அரபு எழுத்தும், தேய்ந்துபோன ஒரு ஸ்ட்ராபெரி படமும். அதை எங்கள் பாட்டில் என்று யாரும் சொல்ல மாட்டோம். லாத்தா பாட்டில் என்றுதான் பேர். லாத்தா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆன பிறகும் அதில் கடுகோ வெந்தயமோ கொட்டி வைக்க ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. எங்கே அவர் வாசலில் வந்து நின்று கேட்டுவிடுவாரோ என்று இன்னும் ஒரு பயம் இருக்கிறது.

லாத்தா என்றால் அக்கா. எங்கள் பேட்டை பக்கத்தில் முஸ்லிம் வீடுகளில் மூத்தவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் எங்களுக்கு எதிர் வீடு. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். பால்காரரிலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைக்கும் அவர் லாத்தாதான். அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேரைச் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுகிற மாதிரி இருக்கும்.

கொடுப்பதில் தாராளமான மனுஷி. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதில் அதைவிடத் தாராளம். நாமெல்லாம் இரவல் கொடுத்த குடையைக் கேட்க மாதக்கணக்கில் யோசிப்போம். மழை வரும்போதெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொள்வோம், நேரில் பார்த்தால் சிரித்து வைப்போம். லாத்தாவுக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது. வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்பார். நான் ஒரு தடவை, "இப்படிக் கேட்டா தப்பா நினைக்க மாட்டாளா லாத்தா?" என்றேன்.

"எம் பொருளைக் கேக்க எனக்கு என்னட்டி வெக்கம்? வச்சிருக்கவளுக்குல்ல வெக்கம் வரணும்," என்றார்.

இட்லிக் கொப்பரை ஒன்றை இரவல் வாங்கிய குடும்பம், கொடுக்காமலே மேலப்பாளையத்துக்குக் குடி போய்விட்டது. லாத்தா டவுண் பஸ் பிடித்து, ஜங்ஷனில் மாறி, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். சாயங்காலம் கொப்பரையை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பெரிய சண்டை நடந்திருக்கும் என்று நாங்கள் ஆவலாகப் போய் நின்றோம்.

"என்னத்துக்குச் சண்டை? அவ பிரியாணி போட்டா, தின்னுட்டு வாரேன். பாவம், பெரிய வீடு, பேச்சுத் துணைக்கு ஆளில்ல. அடுத்த வெள்ளிக்கிழமை அவ இங்கன வருதா," என்றார்.

பாட்டில் கதைக்கு வருகிறேன்.

லாத்தாவின் வீட்டுக்காரர் சவுதியில் ஒரு கம்பெனி கேண்டீனில் சமையல்காரராக இருந்தவர். லீவில் வரும்போதெல்லாம் பெட்டிக்குள் துணி சுற்றி ஜாம் பாட்டில்கள் கொண்டு வருவார். பிள்ளைகள் அதைத் தின்று வளர்ந்தன. அவர் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பிய பிறகு ஜாம் நின்றுபோனது, பாட்டில்கள் மட்டும் பரணில் வரிசையாக இருந்தன. பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்க முடியவில்லை. கொல்லையில் இரண்டு கொய்யா மரம், உள்ளே சிவப்பான ஜாதி. அணிலும் வௌவாலும் தின்றது போக மிச்சம் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தது. அதை வைத்து ஆரம்பித்ததுதான். முதல் வருஷம் ஆணி அடிக்கலாம் போல் இறுகிவிட்டது, இரண்டாம் வருஷம் ரசம் மாதிரி ஓடியது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்தபோது அவர் கை நன்றாகப் பழகிவிட்டிருந்தது. ஐப்பசி பிறந்து, மழை பிடித்துக்கொள்வதற்கு நடுவில் இரண்டு மூன்று நாள் சுள்ளென்று வெயில் அடிக்கும். லாத்தா அந்த வெயிலுக்குக் காத்திருப்பார். ஜாம் கிண்ட வெயில் வேண்டாம், பாட்டில் காய வேண்டும். வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிட்ட பாட்டில்களை மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்துக் கவிழ்த்து வைப்பார். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். மேற்கே மேகம் திரண்டால் தெருவில் இருக்கிற பெண்களெல்லாம் அவர் மாடிக்கு ஓடுவோம், சொந்த வீட்டுத் துணியை விட்டுவிட்டு.

முக்கால் பங்கு பழம், கால் பங்கு காய் என்பது அவர் வைத்திருந்த கணக்கு. பழம் மட்டும் போட்டால் இறுகாது. வேகவைத்து மசித்து, சல்லடையில் தேய்த்து, விதை ஒன்றுகூட இறங்காமல் சாறும் சதையுமாக எடுப்பார். சீனி, எலுமிச்சம் பழம், ஒரு துண்டு பட்டை. பிரியாணி வைக்கிற பெரிய தேக்சாவில் மரத்துடுப்பைப் போட்டுக் கிண்ட ஆரம்பித்தால், மத்தியானத்துக்கு மேல் தெரு முழுக்க அந்த வாசனைதான். கொப்புளம் வெடித்துத் தெறிக்கும். முன்கையில் ஐப்பசிக்கு ஐப்பசி புதுத் தழும்பு உண்டு. எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டுத் தட்டைச் சாய்ப்பார். சொட்டு ஓடாமல் பைய நகர்ந்து நின்றுவிட்டால் அடுப்பை அணைத்துவிடுவார். அப்போதே சுடச்சுடப் பாட்டிலில் ஊற்றி, மூடி, தெருவில் ஒரு வீடு விடாமல் ஒவ்வொரு பாட்டில். ஆனால் போன வருஷத்துப் பாட்டில் திரும்பி வந்திருக்க வேண்டும். பாட்டில் வராத வீட்டுக்கு ஜாம் கிடையாது.

இங்கேதான் சிக்கல். எங்கள் வீடுகளில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை அரிசி, இரண்டு வெற்றிலை, ஏதாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறுமையாகக் கொடுப்பது கொடுத்தவருக்கும் நல்லதில்லை, வாங்கினவருக்கும் நல்லதில்லை என்று பால்குடி மறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். லாத்தாவும் முதலில் இதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு வருஷம் கோடி வீட்டுக்காரி நல்ல மனசோடு பாட்டில் நிறைய சாம்பார்ப் பொடி திரித்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். பெருங்காயம் தூக்கலாக. எத்தனை கழுவிக் காய வைத்தும் மூடியின் ரப்பரில் இருந்து அந்த வாசனை போகவில்லை. அது தெரியாமல் அதில் ஜாமை ஊற்றி, காயல்பட்டினத்திலிருந்து முதல் தடவையாக வந்த மருமகனுக்கு ரொட்டியோடு வைத்துவிட்டார்கள். அவர் ரொம்ப மரியாதைக்காரர். மெதுவாகத் தின்று முடித்து, "மாமி, இது புளிக்குழம்பு ஜாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து சட்டம் வந்தது. "வெறும் பாட்டில்தான் வேணும். ஒருத்தியும் உள்ள ஒண்ணும் போடக்கூடாது."

அப்படியெல்லாம் உடனே மாறுகிற தெருவா எங்கள் தெரு? ஒருத்தி ஒரே ஒரு மஞ்சள் துண்டு போட்டுக் கொடுத்துப் பார்த்தாள். திட்டு. ஒருத்தி இரண்டு பிச்சிப்பூ போட்டாள், வாசனைப் பொருள்தானே என்று. அதற்கு இரட்டைத் திட்டு. வெறுமையாகக் கொடுக்க மனசு வராதவர்களும், திட்டு வாங்கத் திராணி இல்லாதவர்களும் பாட்டிலைக் கொடுக்காமலே வைத்துக்கொண்டார்கள். பிறகு லாத்தா வாசலில் வந்து நிற்பார்.

எங்கள் வீட்டில் அந்த வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். எதையும் ஒரு வேடிக்கையாக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பாட்டிலைக் கழுவி, துடைத்து, மூடியை இறுக்கி மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவைத் தாண்டிப் போவார்.

"உள்ள என்ன போட்டிருக்க தம்பி?" என்று லாத்தா சந்தேகத்தோடு கேட்பார்.

"காத்துதான் லாத்தா. நிறைய வச்சிருக்கேன். வெறும் பாட்டிலாக் குடுக்கக் கூடாதுல்லா?"

"ஓங் காத்தை நீயே வச்சுக்கோ," என்று சொல்லி, மூடியைத் திறந்து ஒரு தடவை கவிழ்த்து உதறிவிட்டுத்தான் உள்ளே கொண்டு போவார். வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில். இரண்டு பேருக்கும் சலித்ததே இல்லை.

லாத்தாவின் வீட்டுக்காரர் இறந்தபோது அவர் இத்தா இருந்தார். புருஷன் போன பெண்கள் நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் மார்க்கம். எதிர் வீட்டுக் கதவு அத்தனை நாளும் சாத்தியே கிடந்தது. தெருவில் யாரும் யாரையும் எதையும் கேட்காமல் ஒரே நிசப்தம். அது முடிந்த மறுநாள் காலையில் கதவு திறந்தது. வெள்ளைத் துப்பட்டியோடு லாத்தா வெளியே வந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்ன பேசுவது, எப்படிப் பார்ப்பது என்று நாங்களெல்லாம் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவர் முதல் வீட்டு வாசலில் போய் நின்று, "எம் பாட்டில் எங்கட்டி?" என்றார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பை நிறையப் பாட்டில்கள். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் பாட்டிலை எடுத்து வந்து நீட்டினார். எனக்குத் தெரியும், அவருக்கு அன்றைக்கு விளையாட மனசு வரவில்லை. லாத்தாதான் விடவில்லை.

"உள்ள என்ன போட்டிருக்க தம்பி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நாலு மாசக் காத்து லாத்தா," என்றார். லாத்தா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

அதற்குப் பிறகு சில வருஷத்தில் எனக்கும் அதே நிலைமை வந்தது. ஆனி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனவரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. எனக்கு உமா ஒரே பெண், அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள். அவருடைய அக்கா, என் மதினி, டவுணிலிருந்து வந்து வீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆகியிருப்போமோ. பிறகு அவரைப் பற்றிச் சொல்லப்போவதை வைத்து அவரைப் பொல்லாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. முதல் நாள் ராத்திரியே லாத்தா தூக்குச்சட்டியில் கஞ்சியும் துவையலும் கொண்டு வந்தார். மறுநாள் காலையில் வாசலில் குரல் கேட்டது. "எந் தூக்குச்சட்டி எங்க?"

மதினிக்கு ஆத்திரமான ஆத்திரம். "எழவு வீட்டுல வந்து சட்டியக் கேக்காளே, இவ என்ன பொம்பளை?" என்று முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து அதே தூக்குச்சட்டி இட்லியோடு வந்தது. மத்தியானம் மறுபடியும் குரல், மறுபடியும் சட்டி போனது, சாம்பாரும் சோறுமாக வந்தது. காரியம் முடிகிற வரைக்கும் அப்படியே நடந்தது. கடைசி இரண்டு நாள் மதினியே சட்டியைக் கழுவி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் எதிரில் வரக்கூடாது, விசேஷ வீட்டில் முன்னால் நிற்கக்கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லித்தராமலே எனக்குத் தெரிந்திருந்தது. காய்கறி வண்டி வந்தால் உமா போவாள். கோலம் உமா போடுவாள். தெருவில் யாராவது பட்டுச்சேலையோடு போவது தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகிவிடுவேன். இப்படி விலகி விலகி, நாலு மாதத்தில் பின்கட்டு மட்டும்தான் எனக்கு மிச்சம் என்று ஆகிவிட்டது.

அந்த ஐப்பசியிலும் ஜாம் வந்தது. பழைய பாட்டிலை என் வீட்டுக்காரர் சித்திரையிலேயே கொடுத்திருந்தார், காற்றோடு. ஜாமை உமா தின்றாள். பாட்டிலைக் கழுவி அவள் கையில் கொடுத்து அனுப்பினேன். போன வேகத்தில் பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

"வாங்க மாட்டேங்காங்கம்மா. ஒன் அம்மா கையால கொண்டு வரச் சொல்லுன்னு சொல்லுதாங்க."

நான் போகவில்லை. பத்தடி அகலத் தெரு அது. லாத்தா தினமும் எங்கள் ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எம் பாட்டில்?" என்பார். நான், "தாரேன் லாத்தா," என்பேன். அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் அவர் வேறு கேட்டார்.

"உங்க ஆளுகள்ல எம்புட்டு நாளு?"

"எதுக்கு லாத்தா?"

"வீட்டுக்குள்ள இருக்கதுக்கு. எங்களுக்கு நாலு மாசம் பத்து நாளு. அது முடிஞ்சா கதவத் திறந்துட்டு வந்திரலாம். கடைக்குப் போலாம், கல்யாணத்துக்குப் போலாம். ஒனக்கு எப்பம் முடியுது?"

நான் யோசித்துப் பார்த்தேன். பதினாறாம் நாள், மாசியம், தலைத்திவசம். எல்லாம் போனவருக்குச் செய்கிற கணக்கு. இருக்கிறவளுக்கு என்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "எங்களுக்கு அப்படிக் கணக்கு ஒண்ணும் கிடையாது லாத்தா," என்றேன்.

லாத்தாவின் முகத்தில் வந்தது இரக்கம் இல்லை, திகைப்பு. "கணக்கே இல்லியா? அப்பம் முடிஞ்சிட்டுன்னு யாரு வந்து சொல்லுவா?"

"யாரும் சொல்ல மாட்டா."

கம்பியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எம் பாட்டிலக் கொண்டா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தலைத்திவசம் முடிந்த கையோடு உமாவுக்கு வரன் வந்தது. அம்பாசமுத்திரம், நல்ல குடும்பம், பையன் உமாவுக்குப் பிடித்தவனாக இருந்தான். ஐப்பசி கடைசியில் எங்கள் வீட்டிலேயே நிச்சயதார்த்தம். தட்டு மாற்றுவது யார் என்ற பேச்சு வந்தபோது மதினியும் அவர் வீட்டுக்காரரும் என்று முடிவானது. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் உமா அன்று ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "நீதான்மா தட்டு எடுக்கணும். வேற யார் எடுத்தாலும் எனக்கு வேண்டாம்," என்றாள். அழுதாள். நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். நான் முன்னால் வந்து, நாளைக்கு அவளுக்கு ஒன்றென்றால் என்னை யார் மன்னிப்பது என்று எனக்கு நிஜமாகவே பயம். எல்லாம் முடிந்த பிறகு வந்து பார்க்கிறேன் என்றேன். கடைசியில் அவள் சரி என்றாள். அந்தச் "சரி" எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நிச்சயத்தன்று கூடத்தில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடுக்களையில் காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கதவு ஒருச்சாய்த்திருந்தது. தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் அடுக்கியாயிற்று. அப்போது கூடத்தில் லாத்தாவின் குரல் கேட்டது.

"எம் பாட்டில் ஒண்ணு இந்த வீட்டுல கிடக்கு."

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மதினி குரலைத் தாழ்த்தி, "நாளைக்குக் குடுத்து விடுதேன் லாத்தா," என்றார்.

"நாளைக்கு நாளைக்குன்னு ஒரு வருசம் ஆயிட்டு. அங்கன ஜாம் அடுப்புல கிடக்கு. பாட்டில் இல்லாம எதுல ஊத்த?"

"நான் எடுத்துட்டு வாரேன்," என்று உமா எழுந்திருந்திருக்க வேண்டும்.

"நீ உக்காரு. கல்யாணப் பொண்ணு பாட்டில் தூக்குவாளா? வாங்கினவ கொண்டு வரட்டும். அவ கையாலதான் வாங்குவேன். இல்லாட்டா நான் இங்கனதான் இருப்பேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சம்பந்தி வீட்டார் முன்னால், என் பெண்ணின் வாழ்க்கையில் ஒரே ஒரு நாளில், ஒரு கண்ணாடி பாட்டிலுக்காக இப்படியா? எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவது, அதோடு அந்த வீட்டு உறவே வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு, அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தேன். கதவு வரைக்கும் போய்விட்டேன். அங்கே கால் நின்றுவிட்டது. ஒரு மங்கல சபைக்குள் இந்தக் கோலத்தில் நான் போகிறேன், கையில் ஒரு வெறும் பாத்திரம் வேறு. இரண்டும் சேர்ந்து போகலாமா? என்னை மாற்ற முடியாது, பாட்டிலையாவது மாற்றலாம். காப்பிக்கு வைத்திருந்த சீனி டின்னைத் திறந்து பாட்டிலில் கொட்டினேன். அவசரத்தில் பாதி மேடையில் சிந்தியது.

கூடத்துக்குள் போனபோது எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. நேரே லாத்தாவிடம் போய் நீட்டினேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே சீனி. இப்போது சபையிலேயே திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மூடியைத் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு பாட்டிலை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவைக் காட்டினார்.

"பொண்ணோட உம்மா சீனி கொண்டாந்திருக்கா. எடுத்துக்கங்க."

மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்கதான் உமா அம்மாவா? வந்ததுலேர்ந்து தேடுதேன். எங்க இருந்திய இம்புட்டு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டிச் சீனியை வாங்கினார். ஜமுக்காளத்தில் கொஞ்சம் நகர்ந்து, "இங்கன உக்காருங்க," என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். மதினியைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. அவர் தட்டைப் பார்த்தார், உமாவைப் பார்த்தார், என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டினார். அவர் கையில் சீனி போட்டேன். அதை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, தாம்பூலத் தட்டை எடுத்தார். லாத்தா பாட்டிலை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள, மதினி தட்டை என் கையில் வைத்தார். "எந் தம்பி இருந்தா ஒன்னைய விட்டுட்டா எடுப்பான்? வாங்கு," என்றார். தட்டின் மறுபக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகத்தான் மாற்றினோம். உமா என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் வாசலில் லாத்தா. ஒரு கையில் பேப்பரில் மடித்த பொட்டலம். ஜன்னலுக்குப் போகாமல் நான் வாசலுக்கே போனேன். சொல்ல வேண்டியதை ராத்திரி முழுக்க மனசில் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறக்க விட்டால்தானே?

"இந்தா ஓஞ் சீனி," என்று பொட்டலத்தை நீட்டினார். "மிச்சம் இருந்ததத் தட்டி எடுத்துட்டேன். வெறும் பாட்டில்தான் வேணும்னு எத்தனை வருசமாச் சொல்லுதேன்? சபையில ஒண்ணும் சொல்லக்கூடாதேன்னு பேசாம இருந்தேன். மூடி இடுக்குலல்லாம் சீனி. கழுவி எடுக்கதுக்குள்ள எங் கை போச்சு. ஒனக்கு எத்தனை தடவ சொன்னாலும் ஏறாது, என்ன?"

நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் எதிர் வீட்டுக்குள் போய்விட்டார். சாயங்காலம் அதே பாட்டில் ஜாமோடு வந்தது, சூடு ஆறாமல், துணி சுற்றி.

நான் கடன்பட்ட மனிதர்கள் நிறையப் பேர். ஆனால் எனக்கு ஒரு முடிவு நாள் வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தவர் ஒருத்தர்தான். அந்த நன்றியை அவர் இருக்கும்போது நான் சொன்னதே இல்லை. சொன்னால் அதையும் பேப்பரில் மடித்துத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

அந்த ஜாமை உமா கல்யாணம் ஆகிப் போகிற வரைக்கும் தோசைக்குத் தொட்டுத் தின்றாள். தீர்ந்ததும் பாட்டிலை வெந்நீரில் கழுவி மாடியில் கவிழ்த்து வைத்தேன். நன்றாகக் காய்ந்ததும் எடுத்து, மூடியை இறுக்கி மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசல் படி இறங்கினேன். யாரோ பட்டுச்சேலை கட்டிய இரண்டு பெண்கள் எதிரே வந்தார்கள். நான் ஒதுங்கவில்லை. அவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள். தெருவைத் தாண்டினேன்.

லாத்தா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சந்தேகத்தோடு ஆட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன போட்டிருக்க?"

"காத்துதான் லாத்தா," என்றேன்.

சொன்ன பிறகுதான் யார் சொல்ல வேண்டிய வார்த்தை அது என்று எனக்கு உறைத்தது. லாத்தா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்து, பாட்டிலைக் கவிழ்த்து ஒரு தடவை உதறினார்.

"ஓங் காத்தை நீயே வச்சுக்கோ," என்றார். "உள்ள வா."